நாற்பத்தொன்றாம் கேள்வி

கல்பயோக் மீன்துறைமுகத்தின் பனிக்கட்டி ஆலையில்
எனக்கு இரவு வேலை.
நூற்று முப்பது கிலோக் கட்டி
தகர அச்சிலிருந்து நழுவி விழும்போதெல்லாம்
தரை ஒருமுறை இருமும்.

அரைமணிக்கொரு தரம்
அம்மோனியா அழுத்தத்தைப் பார்த்து
பதிவேட்டில் எழுத வேண்டும்.
மீதி நேரம் என்னுடையது.
உப்புநீர்த் தொட்டியின் பலகை மூடிமேல்
பயிற்சி நூல், பென்சில்,
சர்க்கரை படிந்த பொரித்த வாழைப்பழம்.

ஆசிரியர் உரிமத் தேர்வுக்கு இது மூன்றாம் முறை.
முதலில் எழுபத்தொன்று.
அப்புறம் எழுபத்து நான்கு புள்ளி ஆறு.
வேண்டியது எழுபத்தைந்து.
அந்தப் புள்ளி நான்கைத் தராசில் வைத்தால்
முள் அசையாது.
அதைச் சுமந்துகொண்டுதான்
பதினான்கு மாதமாக
பயிற்சி நிலையத்தின் மூன்று மாடி ஏறுகிறேன்.

எலுத்தேரியோ என்னோடு வேலை செய்கிறவன்.
தூக்கம் வராமலிருக்க
என்னைக் கேள்வி கேட்பான்.
மைட்டோகாண்ட்ரியாவை
தனக்குக் கடன் தரவேண்டிய பெண்ணின் பெயர்போல
வாசிப்பான்.

நேற்று நாற்பத்தொன்றுக்கு வந்தோம்.
சுழியம் பாகையில் பனிக்கட்டி.
வெப்பம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.
வெப்பநிலை ஏறவில்லை.
ஏன்?

நான் 'இ' என்றேன்.
கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து
"'ஆ'. வெப்பம் காற்றில் வீணாகிறது" என்றான்.

அச்சுப்பிழையாக இருக்கும் என்று
பயிற்சி நிலையத்தில் பொன்சியானோ சாரிடம்
மாலையிலேயே சொல்லியிருந்தேன்.
"விடைக்குறிப்பில் உள்ள வட்டத்தைக் கறுப்பாக்கு, ஜொவெலின்.
யோசித்தால் நேரம் போகும்" என்றார்.
அவருக்கும் பாவம், ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு.

மணி இரண்டே கால்.
காபி போடும் ஒற்றை அடுப்பை மூட்டினேன்.
அலுமினியச் சட்டியில் உடைந்த கட்டி,
கொஞ்சம் நல்ல தண்ணீர்,
மீன் பெட்டிக்குள் செருகும் வெப்பமானி.
கிளறிக்கொண்டே இருந்தேன்.

சுழியம்.
சுழியம்.
அவன் ஒரு சிகரெட் முடித்தான். சுழியம்.
வெளியே ஒரு படகு வந்து
கட்டி இல்லையா என்று கத்திவிட்டுப் போனது.
சுழியம்.

(என் வாழ்க்கையும் இப்படித்தான் என்று
இந்த இடத்தில் யாரும் சொல்ல வேண்டாம்.
சட்டி சட்டிதான்.
என் அக்கா அதை ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.)

"அடுப்பு எரிகிறதே, சூடு எங்கேதான் போகிறது?"
கேட்டவன் எலுத்தேரியோ.
அவன் கையில் புத்தகம் இல்லை.

கட்டிக்குள் ஒவ்வொன்றும்
பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
அந்தப் பிடியை விடுவிக்கவே
வருகிற சூடெல்லாம் சரியாகிவிடுகிறது.
வெப்பமானிக்குக் கொடுக்க மிச்சமில்லை.
உள்ளுறை வெப்பம் என்று பேர்.

"அப்போ அது தொலையவில்லை?"

இல்லை. தண்ணீர் மறுபடி உறையும்போது
வாங்கியதை அப்படியே திருப்பித் தரும்.
இந்தத் தொட்டியில் இரவெல்லாம் தந்துகொண்டிருக்கிறது.
அதை அம்மோனியா வாங்கிக்கொண்டு
அமுக்கியில் நெரிபட்டு
பின்சுவர்க் குழாய்வழியாக வெளியே...

நான் முடிக்கவில்லை.
அவன் சட்டைக்கையைச் சுருட்டினான்.
முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளம்,
பின்சுவர்க் குழாயில் பட்டு
ஒன்பது வருஷத்துக்கு முன் வெந்த தழும்பு.

"அப்படியானால்," என்றான் மெல்ல,
"என்னைச் சுட்டது பனிக்கட்டியா?"

பதில் சொல்லத் தெரிந்தும்
கொஞ்ச நேரம் சொல்லவில்லை.
அந்தக் கேள்வி அவனிடமே இருக்கட்டும் என்று
தோன்றியது.
எந்தப் பயிற்சி நூலிலும்
இதற்கு வட்டம் போட்டிருக்கவில்லை.

அப்புறம்தான் வெப்பமானியைப் பார்த்தோம்.
கடைசிச் சில்லும் கரைந்து
ஏழு, எட்டு என்று
தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தக்லோபானில் தேர்வு.
மினிவேனுக்கு இடம் சொல்லியாயிற்று.
நாற்பத்தொன்று வந்தால்
'இ'தான் போடப் போகிறேன்.
புள்ளி நான்கு போனாலும் போகட்டும்.
இல்லை, போக வேண்டாம்.

விடியற்காலை மேற்பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டினார்.
இரண்டரை மணிக் கட்டம் வெறுமையாக இருந்தது.
அரைமணிக் கூலியைப் பிடித்துக்கொண்டு
காரணம் என்ற இடத்தில் எழுதச் சொன்னார்.

பென்சிலால்தான் எழுதினேன்:
வகுப்பு நடந்தது.